அறிதுயிலும் நோய்த்துயிலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



துயிலுக்குத் தமிழில் பெயர்கள் பல. துயில், உறக்கம், தூக்கம், நித்திரை, கண்படை, அனந்தல் என அவை நீளும். துஞ்சுதல் என்னும் சொல் உறங்குதலையும் குறிக்கும், இறத்தலையும் குறிக்கும். புறநானூற்றுப் புலவர்கள் பாடிய மன்னருள் குளமுற்றத்துத் துஞ்சியவனும் உண்டு. இலவந்திகைப்பள்ளியில் துஞ்சியவனும் உண்டு. வள்ளுவரோ ஒரே நூலில் துயிலை மூன்று இடங்களில் மூன்று விதமாகக் காண்கிறார். நிலையாமை அதிகாரத்தில் அது சாவுக்கு உவமை. கனவுநிலை உரைத்தலில் அது பிரிந்தவரைக் கூட்டிவைக்கும் துணை. மடியின்மையில் அது கெடப்போகிறவர் ஏறிச்செல்லும் தோணிகள் நான்கனுள் ஒன்று. சாவு, காதல், சோம்பல் என்னும் இம்மூன்று வரிசையிலும் அடங்காத துயில் ஒன்று இருக்கிறது. அது நோயாக வரும் துயில். இவ்வுரை அதைப் பற்றியது.

மருத்துவ நூல்கள் இந்நோயை நார்கோலெப்சி என்று அழைக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படும் நரம்பியல் நோய் இது. பெரும்பாலும் 10 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையே, அதாவது ஒருவர் தம்மை இன்னார் என்று உலகுக்கு நிறுவிக்கொள்ளும் பருவத்தில் தொடங்கும். தொடங்கினால் வாழ்நாள் முழுதும் உடன்வரும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, குருதிச் சோதனையில் எளிதில் பிடிபடும் குறி எதுவும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு ஓர் ஆள் தூங்குகிறார், அவ்வளவே. அந்த ‘அவ்வளவே’ என்னும் சொல்லிலேதான் இந்நோயின் பாதித் துன்பம் அடங்கியிருக்கிறது.

நோயுற்றவரின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். காலையில் எழுந்து குளித்துப் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ வந்து அமர்கிறார். பத்து மணிக்கெல்லாம் இமைகள் கனக்கின்றன. இரவு முழுதும் கண்விழித்துத் திருவிழாப் பார்த்துவிட்டு மறுநாள் பகலில் வேலைக்கு வந்தவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. அவனுக்கு அது ஒரு நாள்; இவருக்கு ஒவ்வொரு நாளும். கிள்ளிக்கொள்கிறார், தண்ணீரால் முகம் கழுவுகிறார், எழுந்து நிற்கிறார். நின்றபடியும் துயில் வருகிறது. உண்ணும்போது வருகிறது, பேசிக்கொண்டிருக்கும்போது வருகிறது. குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் கை நிற்பதில்லை, எழுதிக்கொண்டே போகிறது. விழித்துப் பார்த்தால் பாதி வரிவரை பாடக் குறிப்பு இருக்கும். அதற்குப்பின் எழுத்துச் சரிந்து, பாடத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத சொற்கள் ஓடியிருக்கும். அவை கனவிலிருந்து வந்த சொற்கள். பத்து அல்லது இருபது நிமிடம் கண்ணயர்ந்து எழுந்தால் தெளிவு வரும். ஓரிரு மணி நேரம் சென்றபின் மீண்டும் இமைகள் கனக்கும்.

இத்தகையவர் இரவில் நன்றாக உறங்குவார் என்று நினைப்பது இயல்பு. அதுதான் இல்லை. இரவில் அவர் துயில் துண்டு துண்டாக உடைகிறது. அடிக்கடி விழிப்பு வருகிறது. இருபத்துநான்கு மணி நேரத்தையும் கூட்டிக் கணக்கிட்டால் பிறரைவிட அவர் மிகுதியாகத் தூங்குவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டும் உண்மை. ஏனையோர்க்குப் பகலும் இரவும் இரண்டு நாடுகள். நடுவே காவலுள்ள எல்லை. இவர்க்கு அந்த எல்லையில் காவலர் இல்லை. துயில் பகலுக்குள் வருகிறது. விழிப்பு இரவுக்குள் செல்கிறது. ஆகவே தூக்கம் மிகுந்த நோய் என்று இதைச் சொல்வதைவிட, துயிலும் விழிப்பும் தத்தம் இடத்தில் நிலைகொள்ளாத நோய் என்று சொல்வதே பொருந்தும்.

இந்நோய்க்குப் பெயரிட்டவர் பிரான்சு நாட்டு மருத்துவர் எடுவர் ழெலினோ. கடற்படையில் மருத்துவராக இருந்தவர். 1880இல் தம்மிடம் வந்த 38 வயது நோயாளி ஒருவரைப் பற்றி அவர் எழுதினார். அந்நோயாளி திராட்சை மதுப் பீப்பாய் வணிகர். நாளொன்றுக்கு இருநூறு முறைவரை துயில் அவரைத் தாக்கியது. நார்கே என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மரத்துப்போதல் என்று பொருள்; லெப்சிஸ் என்பதற்குப் பற்றுதல் என்று பொருள். மரத்துப்போன நிலை வந்து பற்றிக்கொள்வது என ழெலினோ இரு சொற்களையும் கூட்டிப் பெயர் அமைத்தார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1877இல், ஜெர்மானிய மருத்துவர் வெஸ்ட்பால் இத்தகைய ஒரு நோயாளியை விவரித்திருந்தார். பெயர் நிலைத்தது ழெலினோ இட்டதே.

அந்த மது வணிகரிடம் துயிலன்றி இன்னொன்றும் இருந்தது. வாய்விட்டுச் சிரித்தால் அவர் கால்கள் தொய்யும். வாணிகம் நல்லபடி முடியப்போகிறது என்று மகிழ்ந்தால் உடல் தளரும். சீட்டாட்டத்தில் கைக்கு நல்ல சீட்டு வந்துவிட்டால் கையை அசைக்க முடியாது. இதற்குப் பின்னாளில் கேட்டப்ளெக்சி என்று பெயர் வந்தது. மகிழ்ச்சியோ வியப்போ பெருமிதமோ உள்ளத்தில் பொங்கும் அந்தக் கணத்தில் தசைகள் வலுவிழக்கின்றன. சிலர்க்குத் தாடை தொங்கும், பேச்சுக் குழறும், தலை சாயும். சிலர்க்கு முழங்கால் மடிந்து உடல் தரையில் விழும். சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடம்வரை நீடித்துத் தானே நீங்கும். மூச்சுத் தடைப்படாது, கண்கள் அசையும், நினைவு மட்டும் இம்மியும் குறையாது. விழுந்து கிடப்பவர், தம்மைச் சுற்றி நின்று “மயக்கம்”, “வலிப்பு”, “குடித்திருக்கிறான்” என்று பேசுகிறவர் சொல்லை எல்லாம் கேட்டுக்கொண்டே கிடப்பார். விடை சொல்லத்தான் இயலாது.

அச்சமும் சினமும் மனிதரைத் தளரச் செய்வதை இலக்கியம் நெடுங்காலமாய் அறியும். சிரிப்பு ஒருவரை வீழ்த்தும் என்பது பலர்க்குப் புதிது. இந்நோயுடன் வாழ்வோர் சிலர் நாளடைவில் சிரிப்பையே தவிர்க்கப் பழகுகின்றனர். நண்பர் நகைச்சுவை சொல்லத் தொடங்கினால் வேறெதையோ நினைத்துக்கொள்கிறார்கள். தாமே ஒரு வேடிக்கையைச் சொல்லப் போனால் அதன் கடைசிச் சொல் வருமுன் நாக்குத் தளர்ந்துவிடும் என்பதால் சொல்லாமல் விடுகிறார்கள். நெடுநாள் பிரிந்திருந்தவரை எதிர்பாராமல் காணும்போது சுவரைப் பற்றிக்கொள்கிறார்கள். பார்ப்பவர்க்கு அவர்கள் உணர்ச்சியற்றவர்போல் தோன்றுகிறார்கள். உள்ளே உணர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. அதை வெளியே விட அஞ்சி அவர்கள் வாயிற்கதவைச் சாத்திவைத்திருக்கிறார்கள். துயில் பறிக்கும் மணி நேரங்களைவிட இந்தச் சாத்திய கதவு கொடிது என்று சொல்வோர் உண்டு.

தமிழில் அறிதுயில் என்றோர் அரிய சொல் இருக்கிறது. பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் துயிலைக் குறிப்பது அது. உடல் கிடக்க, அறிவு விழித்திருக்கும் நிலை. இறைவனுக்கு அது யோகம். கேட்டப்ளெக்சி வந்து தரையில் கிடப்பவர்க்கும் நிலை அதுவே: உடல் துயில்கிறது, அறிவு விழித்திருக்கிறது. ஆனால் இது அவர் விரும்பிக் கொண்ட துயிலன்று. யோகமாகப் போற்றப்படும் ஒன்று, வேண்டாதவர்மீது வேண்டாத நேரத்தில் வந்து இறங்கினால் அது எத்தனை பெரிய துன்பமாகும் என்பதை இந்நோய் காட்டுகிறது.

இதன் அடுத்த முகம் துயிலின் வாயிலில் நிகழ்வது. உறங்கப்போகும் கணத்திலோ விழிக்கும் கணத்திலோ உடல் கட்டுண்டு கிடக்கும். விரலை அசைக்க முடியாது. அறையில் யாரோ நிற்பதுபோல் தோன்றும். மார்பின்மேல் ஏறி அமர்வதுபோல் இருக்கும். நோயற்றவர்க்கும் வாழ்நாளில் ஓரிரு முறை இது நேர்வதுண்டு. தமிழ்நாட்டு மக்கள் இதை அறிவர். அமுக்குவான் பேய் என்று இதற்குப் பெயரும் இட்டுள்ளனர். நார்கோலெப்சி உள்ளவரிடம் அந்தப் பேய் அடிக்கடி வருகிறது. கண் திறந்திருக்கும்போதே கனவு தொடங்கிவிடுகிறது. தாம் படுத்திருக்கும் அதே அறை, அதே மேசை, அதே சாளரம். அவற்றினிடையே இல்லாத ஒரு மனிதர் நடமாடுவார். அறை மெய்யாக இருப்பதால் ஆளும் மெய்யென்றே தோன்றும். நேற்று ஒருவர் தம்மிடம் சொன்னதாக நினைவிருக்கும் ஒரு செய்தி நனவில் சொல்லப்பட்டதா, கனவில் சொல்லப்பட்டதா என்பதை உறுதிசெய்துகொள்ளப் பிறரிடம் கேட்க வேண்டிய நிலையும் சிலர்க்கு வருவதுண்டு. தம் நினைவுக்குத் தாமே சாட்சி ஆகமுடியாத அந்த நிலை, எந்த மனிதனையும் கூசச் செய்யும். பித்து என்று தவறாகக் கருதப்பட்டு, அதற்குரிய மருந்துகளை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டோரும் உளர். வலிப்பு என்றும் மனச்சோர்வு என்றும் கருதப்பட்டோர் இன்னும் பலர்.

இவையெல்லாம் ஏன் நிகழ்கின்றன என்பதை அறிவியல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேடியது. அந்தத் தேடலே ஒரு கதைபோல் சுவையானது. 1917இல் வியன்னா நகர மருத்துவர் கான்ஸ்டன்டின் ஃபான் எகானமோ, அந்நாளில் பரவிய ஒரு மூளைக்காய்ச்சலை ஆராய்ந்து எழுதினார். அந்நோய் கண்ட சிலர் வாரக்கணக்கில் உறங்கினர். வேறு சிலர்க்கு உறக்கமே வரவில்லை. இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தபோது, ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியின் பின்புறம் கெட்டிருந்தால் ஓயாத துயிலும், முன்புறம் கெட்டிருந்தால் துயிலின்மையும் உண்டானதை அவர் கண்டார். விழிப்பைக் காக்கும் இடம் ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்றும், நார்கோலெப்சியின் வேரும் அப்பகுதியில் இருக்கலாம் என்றும் அவர் கருதினார். அது மெய்யென நிறுவப்பட எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையே 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவோர் கண்கள் இமைக்குள் விரைந்து அசையும் ஒரு கட்டம் இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். தெளிவான கனவுகள் மிகுதியும் அக்கட்டத்தில் வருகின்றன. கனவில் ஓடுகிறவன் படுக்கையைவிட்டு எழுந்து ஓடாதிருக்கும்பொருட்டு அப்போது உடலின் தசைகளை மூளை கட்டிப்போட்டுவிடுகிறது. இயல்பான உறக்கத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சென்றபின்னரே இக்கட்டம் வரும். நார்கோலெப்சி உள்ளவர்க்கோ கண் மூடிய சில நிமிடங்களிலேயே வந்துவிடுகிறது. 1960இல் இது முதன்முதல் பதிவாயிற்று. புதிர்கள் பலவற்றுக்கு இது விடை தந்தது. கனவுக்குரிய காட்சி விழிப்புக்குள் புகுந்தால் இல்லாத ஆள் தெரிகிறார். கனவுக்குரிய தசைக்கட்டு விழிப்புக்குள் புகுந்தால் சிரித்தவர் விழுகிறார். பேயும் பித்தும் பொய்யும் என்று சொல்லப்பட்டவை யாவும், கனவின் பகுதிகள் தம் நேரம் தப்பி வந்தவையே.

அடுத்த துப்பைத் தந்தவை நாய்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமென்ட் 1970களில் இந்நோயுள்ள நாய்களை வளர்த்தார். டாபர்மேன், லாப்ரடார் இனங்களில் இந்நோய் பரம்பரையாக வந்தது. பிடித்த உணவைக் கண்டதும் அந்நாய்கள் மகிழ்ச்சியில் துள்ளிவந்து, தட்டின் அருகிலேயே கால் மடிந்து விழும். அங்கு வந்து சேர்ந்த எம்மானுவேல் மின்யோ பத்தாண்டு உழைத்து, 1999இல் அந்நாய்களின் குறை எந்த மரபணுவில் உள்ளது என்பதைக் கண்டார். அதே ஆண்டு, அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய அறிஞர் மசாஷி யானகிசாவாவின் குழு எலிகளில் அதே முடிவுக்கு வேறு வழியாக வந்தது. மூளையில் ஓரெக்சின் என்றும் ஹைப்போக்ரெட்டின் என்றும் இரு பெயர் பெற்ற ஒரு பொருள் உண்டு. 1998இல் இரு குழுக்கள் தனித்தனியே கண்டதால் இரு பெயர். 2000இல் மனித மூளைகளை ஆராய்ந்தபோது செய்தி தெளிவாயிற்று. மனித மூளையின் கோடானுகோடி நரம்பணுக்களுள் இப்பொருளைச் சுரப்பவை ஏறத்தாழ 70,000 மட்டுமே. அவை இருப்பது ஃபான் எகானமோ சுட்டிய அதே ஹைப்போதலாமஸில். நார்கோலெப்சி உற்றவரிடம் அவற்றுள் நூற்றுக்கு 85 முதல் 95 வரை காணப்படவில்லை. தசைத்தளர்ச்சி இல்லாமல் துயில் மட்டும் மிகும் இரண்டாம் வகை நார்கோலெப்சியும் உண்டு. அதில் பெரும்பாலோர்க்கு இக்குறைவு இருப்பதில்லை. மின்யோவும் யானகிசாவாவும் இதற்காக 2023ஆம் ஆண்டின் பிரேக்த்ரூ பரிசைப் பெற்றனர்.

எழுபதினாயிரம் என்பது ஒரு சிறு நகரின் மக்கள்தொகை. அந்தச் சிறு நகர் அழிந்தால் துயிலுக்கும் விழிப்புக்கும் இடையே காவல் போய்விடுகிறது. அதை அழிப்பது எது? உடலின் காப்புப்படையே தவறுதலாகத் தன்னவரைத் தாக்குகிறது என்பதற்குச் சான்றுகள் பல சேர்ந்துள்ளன. குறிப்பிட்ட ஒரு மரபுக்கூறு இந்நோயாளர் மிகப் பெரும்பாலோரிடம் காணப்படுகிறது. அக்கூறுடைய பலகோடிப் பேர்க்கு நோய் வருவதுமில்லை. ஒத்த இரட்டையருள் ஒருவர்க்கு இருந்தும் மற்றவர்க்கு இல்லாமற் போவதே மிகுதி. எனவே பிறப்போடு வெளியிலிருந்து வரும் ஏதோ ஒன்றும் சேர வேண்டும். 2009–10இல் பன்றிக்காய்ச்சல் பரவியபின் சீனாவில் இந்நோய் மிகுந்தது. அதே காலத்தில் ஐரோப்பாவில் இடப்பட்ட பாண்டெம்ரிக்ஸ் என்னும் ஒரு தடுப்பூசிக்குப்பின், முதலில் பின்லாந்திலும் சுவீடனிலும், சிறுவரிடையே இந்நோய் மிகுந்ததும் 2010இல் தெரியவந்தது. அத்தடுப்பூசி பின்னர் வழக்கிலிருந்து நீங்கியது.

இத்தனையும் அறியப்பட்டபின்னரும், நோய் தோன்றிய நாளுக்கும் அது இன்னதென்று ஒரு மருத்துவர் சொல்லும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கடக்கின்றன. பத்தாண்டு கடப்பதும் அரிதன்று. அந்தப் பத்தாண்டில் நோயாளர் கேட்கும் சொற்கள் எவை? சோம்பேறி, தூங்குமூஞ்சி, அக்கறையற்றவன், வீட்டுக்கு ஆகாதவள். பள்ளியில் கும்பகர்ணன் என்று பெயர் விழும். கும்பகர்ணனை அப்பெயரால் மட்டும் நினைப்பது அவனுக்குச் செய்யும் தீங்கு. கம்பன் படைத்த கும்பகர்ணன், அண்ணன் செய்தது தவறென்று முகத்துக்கு நேரே சொன்னவன். வெல்ல முடியாதென அறிந்தும் செஞ்சோற்றுக் கடன் தீர்க்கப் போர்க்களம் சென்றவன். காப்பியம் அவன் விழித்திருந்த நேரத்தைப் பாடியது. ஊரோ அவன் உறங்கிய நேரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. நார்கோலெப்சியோடு வாழ்வோர்க்கும் நேர்வது இதுவே.

சொல் ஒருவர்மேல் பலநாள் விழுந்தால் உள்ளே இறங்கிவிடும். தம்மைச் சோம்பேறி என்று பிறர் சொல்லச் சொல்ல, நோயாளர் தாமும் அதை நம்பத் தொடங்குகிறார். மன உறுதி இருந்தால் விழித்திருக்கலாம் என்று தம்மையே கடிந்துகொள்கிறார். இல்லாத குற்றத்துக்கு நாள்தோறும் தமக்குத்தாமே தண்டனை விதிக்கிறார். கண் தெரியாதவனிடம் உறுதியோடு பார் என்று யாரும் சொல்வதில்லை. துயில் வந்து பற்றுகிறவனிடம் மட்டும் உறுதியோடு விழி என்று உலகம் சொல்கிறது. ஏனெனில் துயில் எல்லார்க்கும் வருவது. எல்லாரும் அதை ஒருமுறையேனும் வென்றவர்கள். தாம் வென்ற பகையிடம் பிறர் தோற்பதை மன்னிப்பது மனிதர்க்கு அரிதாக இருக்கிறது.

உறுதி என்பதற்கும் துயில்நோய்க்கும் தொடர்பில்லை என்பதற்கு வரலாற்றில் ஒரு பெண்மணியே போதும். ஹேரியட் டப்மன், அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது, தப்பியோட முயன்ற ஓர் அடிமையை நோக்கி மேற்பார்வையாளன் வீசிய எடைக்கல் இவர் தலையில் விழுந்தது. அன்றுமுதல் இறக்கும்வரை, பேச்சின் நடுவிலும் வேலையின் நடுவிலும் திடீரென உறங்கிவிடும் நோய் இவருக்கு இருந்தது. இது தலைக்காயத்தால் வந்தது. நார்கோலெப்சி என்று முடிவுகட்டத் தக்கதன்று. ஆயினும் வாழ்ந்த வாழ்வு ஒன்றே. 1849இல் தாம் தப்பியபின், ஏறத்தாழ பதின்மூன்று முறை அடிமை நாட்டுக்குள் இரவில் திரும்பிச்சென்று எழுபது பேரளவில் மீட்டுவந்தார். பின்தொடரும் வேட்டை நாய்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் இடையே, வழிகாட்டியாகிய அவர் உறங்கிவிட்டால், உடன்வந்தோர் அவர் விழிக்கும்வரை காத்திருந்து பின் நடந்தனர். அவரைச் சோம்பேறி என்று எவரும் சொல்லவில்லை. அவர் விழிப்பின்மேல் அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை இருந்தது. நோய் நீங்காமலே ஒருவர் தம் வேலையை முடிக்கலாம். அதற்கு உடன்வருவோர் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

இலக்கியம் இத்தகையோரை எப்படி நடத்தியது? டிக்கன்சின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ புதினத்தில் ஜோ என்னும் பருத்த பையன் எப்போதும் தூங்கிவிழுந்து சிரிப்பூட்டுகிறான். 1956இல் மருத்துவர்கள், உடற்பருமனோடு மூச்சுக் குறைந்து பகலில் தூங்கும் ஒரு நோய்க்கு அப்புதினத்தின் பெயரையே வைத்தார்கள். சிரிப்புக்காகத் தீட்டப்பட்ட பாத்திரத்தில் நூற்றாண்டு கழித்து நோய் தெரிந்தது. ஜார்ஜ் எலியட் 1861இல் வெளியிட்ட ‘சைலஸ் மார்னர்’ இதனினும் ஆழமானது. நெசவாளனாகிய சைலசுக்கு உணர்வு நின்றுபோகும் நோய் உண்டு. அது துயில்நோயன்று, எனினும் ஊர் அதைப் படித்த விதம் ஒன்றே. முதலில் சபையார் அதை இறையருள் என்றனர். பின்னர் நண்பனாக இருந்தவனே அதைச் சாத்தானின் வருகை என்றான். உடலில் நிகழும் ஒன்றை ஊர் தன் விருப்பப்படி படிக்கிறது. படிப்பவனுக்கேற்ப அது அருளும் ஆகும், பாவமும் ஆகும். அண்மைக் காலத்தில் ஜோனதன் கோ 1997இல் எழுதிய ‘தி ஹவுஸ் ஆஃப் ஸ்லீப்’ புதினத்தின் பெண் பாத்திரம், கனவையும் நடந்ததையும் பிரித்தறிய முடியாமல் தவிக்கிறது.

இவை யாவும் வெளியிலிருந்து நோக்கியவை. உள்ளிருந்து எழுதியோர் பின்னரே வந்தனர். பாஸ்டனில் சட்டம் பயின்ற ஜூலி ஃப்ளைகேர், படிக்கும் காலத்தில் 2007இல் தம் நோய் இன்னதென அறிந்தவர். சிரிக்கும்போது முழங்கால் மடிவதே அவருக்கு வந்த அறிகுறிகளுள் ஒன்று. 2010இல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தை ஓடினார். 2012இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றின் பெயர், முற்றும் விழித்துக் கனாக்காணல் எனப் பொருள்படும். இங்கிலாந்தின் அறிவியல் எழுத்தாளர் ஹென்றி நிக்கோல்ஸ், தம் இருபதுகளில் தொடங்கிய நோயை முன்வைத்து 2018இல் ‘ஸ்லீப்பிஹெட்’ என்னும் நூலை எழுதினார். தூங்குமூஞ்சி என்று பிறர் வைத்த வசைப்பெயரையே நூலின் பெயராக எடுத்துக்கொண்டார். வசையை உரியவரே எடுத்து அட்டையில் அச்சிட்டுவிட்டால் அதில் நஞ்சு இருப்பதில்லை. இத்தகைய நூல்களின் பயன் ஒன்று உண்டு. பெயர் தெரியாமல் பத்தாண்டு தவிக்கும் ஒருவர், அவற்றுள் ஒரு பக்கத்தைப் படித்து, “இது எனக்கு நிகழ்வது” என்று உணர்ந்து மருத்துவரை நாட முடியும்.

கவிஞர்கள் கேட்க விரும்பக்கூடிய வினா ஒன்று: கனவின் அருகிலேயே வாழ்வோர்க்குப் படைப்பாற்றல் மிகுமா? 2019இல் பாரிசு நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்நோயுடையோர் படைப்பாற்றல் சோதனைகளில் பிறரைவிட உயர்ந்த மதிப்புப் பெற்றனர். கனவு காணும்போதே இது கனவு என்று உணரும் ஆற்றலும் அவர்களிடம் மிகுதி. 2021இல் வெளியான ஆய்வொன்றில், கனவிலிருந்த நோயாளர் ஒருவர் வெளியிலிருந்து கேட்கப்பட்ட வினாக்களுக்கு முகத்தசைகளை அசைத்து விடையளித்தார். கனவுக்குள்ளிருந்து நனவுக்கு அனுப்பப்பட்ட விடை! ஆயினும் இதைக் கேட்டு, நோயை வரம் என்று பாடிவிடலாகாது. கிடைக்கும் கனவுக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது. அவர்களுள் பலர் கேட்பது கவித்துவத்தை அன்று. பிள்ளையின் பள்ளி நாடகத்தை முழுதும் விழித்திருந்து காணவும், அதன் நகைச்சுவைக்கு அச்சமின்றிச் சிரிக்கவும்தான்.

மருத்துவம் இன்று தரக்கூடியது குணமன்று, துணை. துயில் ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவும், மறுநாள் பகலில் இரண்டு மணிக்கொரு முறை ஐந்து சிறுதுயில்களும் அளந்து நோயை உறுதிசெய்கிறார்கள். அம்முறையைக் கார்ஸ்கடனும் டிமென்ட்டும் 1970களில் வகுத்தனர். மோடாஃபினில் போன்ற மருந்துகள் பகலில் விழிப்பைத் தாங்கும். சோடியம் ஆக்சிபேட் என்னும் மருந்து இரவுத் துயிலை ஆழமாக்கும். அதன் இரண்டாம் வேளையை உண்ண, உறங்குகிறவர் நள்ளிரவில் எழ வேண்டும். உறங்குவதற்கான மருந்துக்காக உறக்கத்திலிருந்து எழுவது இவர்கள் வாழ்வின் முரண்களுள் ஒன்று. குறைந்துபோன ஓரெக்சினின் வேலையைச் செய்யும் மாத்திரைகளும் ஆய்வில் உள்ளன. அவற்றுள் ஒன்று கல்லீரலைத் தாக்கியதால் 2021இல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஒன்றன் நம்பிக்கையூட்டும் முடிவுகள் 2025இல் வெளியாயின. மருந்தோடு வேண்டுவது இன்னும் எளிது. நண்பகலில் இருபது நிமிடம், ஒரு நாற்காலி, சாத்திய ஒரு கதவு. அலுவலகமும் பள்ளியும் செலவின்றித் தரக்கூடியவை இவை. தேநீருக்கு ஒதுக்கும் நேரத்தைத் துயிலுக்கு ஒதுக்கினால் போதும். தடை அந்த இருபது நிமிடத்தில் இல்லை. பகலில் உறங்குவது இழிவு என்னும் எண்ணத்தில் இருக்கிறது.

மடியின்மையில் துயிலைக் கடிந்த வள்ளுவரே மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பின் தணிக்கும் வழியைக் காண வேண்டும் என்கிறார். இரண்டு அதிகாரங்களுக்கும் முரண் இல்லை. எந்தத் துயில் எந்த அதிகாரத்துக்கு உரியது என்று தெரிந்து எடுப்பதே படித்தவர் கடமை. மருந்து அதிகாரத்துக்கு உரியவரை மடியின்மை அதிகாரத்தில் நிறுத்தி வசைபாடுவது, நூலையும் அறியாமை, ஆளையும் அறியாமை.

சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் கூடியுள்ள அவை இது. மருத்துவர் தரமுடியாத ஒன்றை இங்குள்ளோர் தரமுடியும். சாவுக்கும் உறக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி இது. கடவுளின் உறக்கத்துக்குத் தனிச்சொல் வைத்த மொழி இது. நள்ளிரவில் நெஞ்சை அமுக்கும் அச்சத்துக்கும் பெயர் வைத்த மொழி இது. சிரித்ததால் விழுந்தவரைச் சுட்டவும், எழுதும்போதே கனவுக்குள் போய்த் திரும்பிய கையைச் சுட்டவும், வசை கலவாத சொற்கள் இம்மொழியில் இன்னும் பிறக்கவில்லை. அவை பிறக்கும்வரை, வகுப்பறையின் கடைசி வரிசையில் தலை சாய்ந்திருக்கும் ஒரு சிறுவனைப் பார்த்து ஆசிரியர் வாயில் வரும் முதற்சொல் சோம்பேறி என்பதாகவே இருக்கும். அந்த முதற்சொல்லை மாற்றும் ஆற்றல் இவ்வவைக்கு உண்டு. அடுத்த பத்தாண்டின் பணிகளுள் இதுவும் ஒன்றாகட்டும்.